தூங்காத கண்ணும் இறங்காத சீனியும்



"மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் சீனி இறங்கமாட்டேன் என்கிறதே வாத்தியாரே!" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" உடனே பதில் வராது. ஒரு சிரிப்புத்தான் வரும். "தூக்கமா? அது எங்கே வருகிறது!" என்பார்கள். இனிப்புநீருக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் நினைக்கிறோம். மிக நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. இந்த முறை அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். ஜொகூரில் படுத்து, விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போகிறவர்கள் எத்தனை பேர்! பெற்றோர் பெரட்டுக்காக இருட்டில் எழுந்தார்கள். பிள்ளைகள் பாலத்துக்காக இருட்டில் எழுகிறார்கள். எழுகிற நேரம் மாறவில்லை. படுக்கிற நேரம்தான் கைப்பேசியோடு தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

அந்தச் சிங்கப்பூரைக் கொஞ்சம் பாருங்கள். 2010-ஆம் ஆண்டு அங்கே எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ள இந்தியர்களில் 100-க்கு 17 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. சீனர்களில் அது 100-க்கு 10 பேருக்கும் குறைவு. 2016-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் இந்த நோயின்மீது போரே அறிவித்தார். 2022 கடைசியில் புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கும், 2023 கடைசியில் கடையில் அப்போதே கலக்கித் தரும் பானங்களுக்கும் சீனி அளவைக் காட்டும் தர எழுத்து வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அதற்குக் கடைசித் தரமான 'டி'.

இன்று தேக்கா சந்தைக்குப் போனால், "தே ஓ கொசோங்" என்று சொல்லிச் சீனியில்லாத தேநீர் வாங்குகிற நம்மவர்களைக் காணலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் கோப்பையில் சீனியைக் குறைத்துவிட்டு, இரவெல்லாம் கண்விழித்துக் கிடந்தால் என்ன ஆகும்?

1999-இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயில்லாத 11 இளைஞர்களை ஆறு இரவுகள், இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அந்த ஆறு நாளுக்குள்ளேயே அவர்கள் உடம்பு சீனியைக் கையாளும் வேகம் குறைந்துபோய், நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களைப்போல் ஆகிவிட்டது. ஓய்வில்லாத உடம்பு ஆபத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. கவலையும் அதையேதான் செய்கிறது. அப்போது சுரக்கும் சில சுரப்புநீர்கள், ஓடித் தப்பிக்க வேண்டுமே என்று கல்லீரலில் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. நாமோ எங்கும் ஓடவில்லை, பாயில்தான் புரள்கிறோம். இரத்தத்தில் சீனி மிகுந்தால் அது சிறுநீரில் இறங்கும். இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து போக வேண்டும். அதனால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுபடி சீனி ஏறும். செக்கைச் சுற்றும் மாடுபோல இது ஒரு சுற்று.

இந்தச் சுற்றை அறுக்க ஒரு பயிற்சி இருக்கிறது. அதை முழுக்கவனம் என்று சொல்லலாம். இதன் வேர் புத்தர் காலத்துத் தியானத்தில் இருக்கிறது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், சமயச் சடங்கு எதுவும் இல்லாமல், நோயாளிகளுக்குப் பாடமாக இதை அமைத்தார். எந்தக் கோயிலுக்குப் போகிறவரும் செய்யலாம். மனத்தை வெறுமையாக்க வேண்டியதில்லை. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பதுதான் பாடம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நமக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். சிங்கப்பூரிலேயே பார்த்துவிட்டார்கள். தூக்கம் சரியில்லாத, 50 வயதைத் தாண்டிய நூற்றுக்கு மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நல்ல தூக்கப் பழக்கங்களும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு முழுக்கவனப் பயிற்சியோடு சேர்ந்த தூக்கப் பாடம். 2021-இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவுக்கும் பலன் இருந்தது. தூக்கமின்மைத் தொல்லை அதிகம் குறைந்தது முழுக்கவனக் குழுவுக்குத்தான்.

சீனிக்கு? 2022-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமான மருந்தோடு இத்தகைய கவனப் பயிற்சியும் செய்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண் ஏறக்குறைய அரைப் புள்ளி குறைந்திருந்தது. யோகாசனம் செய்தவர்களுக்கு ஒரு புள்ளி. மருந்தோடு சேர்ந்துதான் இந்தப் பலன் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, எப்படிச் செய்வது? மூன்று வேளை சொல்கிறேன்.

முதலாவது, கடை வாசல். வேலை முடிந்து வருகிறீர்கள். களைப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிலேபி சிரிக்கிறது. கை நீள்வதற்குமுன் மூன்று மூச்சு, மெதுவாக. "எனக்குப் பசியா, களைப்பா, கவலையா?" என்று உங்களையே கேளுங்கள். பசியென்றால் உணவைச் சாப்பிடுங்கள். களைப்பென்றால் உட்காருங்கள். கவலையை ஜிலேபி தீர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது, படுக்கும் வேளை. கைப்பேசியைத் தூர வையுங்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்படக் கவனமாகப் பாருங்கள். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடி, அல்லது பேரப்பிள்ளையின் கண். வெட்டுமரத்திலும் செம்பனைக் காட்டிலும் நடந்த கால்கள் அவை. உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது. இதுவும் முழுக்கவனம்தான்.

மூன்றாவது, நடுச்சாமம். விழிப்பு வந்துவிட்டது. மணி பார்க்க வேண்டாம். வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். "மகளுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக்குக் கடன்" என்று மனம் ஓடும். ஓடியதற்காக அதைத் திட்டாதீர்கள். "இது கவலை" என்று பெயர் சொல்லி, மூச்சுக்குத் திரும்புங்கள். கொஞ்ச நேரம் பார்த்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது போய்ப் படுங்கள். படுக்கை புரள்வதற்கான இடமல்ல என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இரவில் சீனி அளவுக்குமீறி இறங்கிவிடுவதுண்டு. வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து விழித்தால் மூச்சைக் கவனித்துக்கொண்டு இருக்காதீர்கள்! உடனே சோதியுங்கள். எண் 4-க்குக் கீழே இருந்தாலும், சோதிக்க வழியில்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறவரும், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுகிறவரும் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

தாய்மார்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, எல்லாரும் படுத்த பிறகு படுத்து, எல்லாருக்கும் முன்னே எழுகிறவர் நீங்கள்தான். "எங்கம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்தது" என்று இனிப்புநீரைச் சீதனம்போல ஏற்றுக்கொள்கிறீர்கள். பரம்பரையில் வருவது உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருப்பது பரம்பரை மட்டுமல்ல, பாத்திரமும் துணியும்கூட. இன்றிரவு அந்தப் பாத்திரங்களை மகன் கழுவட்டும். கணவர் அடுப்பங்கரையைக் கூட்டட்டும். நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். பத்து மூச்சு எண்ணுங்கள். எண்ணிக்கை நடுவில் தவறினால் கவலை வேண்டாம், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

மீண்டும் சந்திப்போம். நன்றாகத் தூங்குங்கள்.