மறு அச்சு என்னும் இரு சொற்கள்

மூன்றாண்டுகளுக்கு முன் எமது கல்லூரித் தமிழ்த்துறையில் திரைப்பட உரையாடல் பற்றிய சிறு கண்காட்சி ஒன்றை நடத்தினோம். அதன் நடுநாயகமாகக் கண்ணாடிச் சட்டமிட்டு நாம் மாட்டியது ‘பராசக்தி’ படத்தின் சுவரொட்டி. 1952 தீபாவளிக்கு வெளியான படம். சுவரொட்டியைப் பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் 4,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். பழுப்பேறிய தாள், மடிப்புக் கோடுகள், மூலையில் ஆணித்துளை என எல்லாம் வேண்டிய இடத்தில் வேண்டியபடி இருந்தன. அப்பொருத்தமே நம்மை ஐயுறச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

மாணவி ஒருவரின் பாட்டனார் கண்காட்சியைக் காண வந்திருந்தார். நாற்பதாண்டுகள் அச்சகத்தில் உழைத்தவர். நெடுநேரம் அச்சுவரொட்டியின் முன் நின்றவர், நம்மைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இது பழசு இல்லீங்க. ‘கலை’ன்னு போட்டிருக்குது பாருங்க. அந்தக் காலத்துல இந்த ‘லை’ ஏது? தும்பிக்கை வெச்ச ‘லை’தானே?”

வகுப்பில் ஆண்டுதோறும் எழுத்துச் சீர்திருத்தம் நடத்துபவர் நாம். பெரியார் தம் இதழில் கையாண்ட எழுத்து வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டதையும், ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகள் அதனால் உருமாறியதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர். அந்த அறிவைச் சுவரில் தொங்கிய தாளின்மேல் செலுத்த வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. பெரியவர் சென்றபின் மீண்டும் பார்த்தோம். கீழே அச்சகத்தின் முகவரியில் ‘600’ எனத் தொடங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தது. அக்குறியீடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்டு 15 அன்று. இருபதாண்டு முன்கூட்டியே அதை அறிந்த அச்சகம் போலும்!

பணம் போனது சிறிது. அதனினும் பெரிது ஒன்று நேர்ந்துவிட்டது. முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டில் அச்சுவரொட்டியைச் சான்றாகக் காட்டியிருந்தார். அதில் வசனகர்த்தாவின் பெயர் நடிகர் பெயரினும் பெரிய எழுத்தில் இருந்தது. எனவே 1952-லேயே வசனகர்த்தாவின் பெயரே படத்தின் முதன்மை விளம்பரமாயிற்று என்பது அவர் வாதம். அவ்வாறு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை நிறுவ அத்தாள் உதவாது. பிற்காலப் புகழை அறிந்த ஒருவன், இன்றைய வாங்குவோரின் ஆவலைக் கருதி, அப்பெயரைப் பெரிதாக்கியிருக்கக்கூடும். அந்த ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாகக் கையொப்பமிட்டவர் நாமே.

இப்பட்டறிவை நண்பர்களிடம் கூறியபோது கிடைத்த மறுமொழிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. “பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தானே இருக்கிறது? சுவரில் மாட்ட எதுவானால் என்ன?” என்றார்கள். படித்தவர்கள், இலக்கிய ஆர்வலர்கள். சங்கப் பாடல் ஒன்றில் பாடபேதம் கண்டால் இரவெல்லாம் உறங்காதவர்கள்.

அழகுக்காக மட்டும் மாட்டுவதாயின் எதுவானாலும் தடையில்லை என்பதை முதலிலேயே ஒப்புகிறோம். மறு அச்சு குற்றமன்று. ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய நகலை நகலென்று அறிந்து மாட்டுபவரோடு நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. ஆனால் அந்நகலின் விளிம்பில் ‘மறு அச்சு’ என்னும் இரு சொற்களை அச்சிடாமல் விடுபவரோடு வழக்குண்டு. தேயிலைச் சாயத்தில் தோய்த்து, மடித்துக் கசக்கி, ‘பழைய தியேட்டர் கோடவுனில் கிடைத்தது’ என்று கதைகட்டுபவரோடு பெருவழக்குண்டு. ‘எதுவானால் என்ன’ என்று கேட்டு அவருக்குக் கடைவிரிக்கும் நம்மவரோடு அதனினும் பெருவழக்குண்டு.

ஏன் இவ்வளவு கடுமை? தமிழ்த் திரையின் தொடக்க காலத்திற்குப் படச்சுருள்கள் நமக்கு எஞ்சவில்லை. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்றில்லை. 1931 அக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ படச்சுருளும் இன்றில்லை. அது தமிழ்ப் படமா, தமிழும் தெலுங்கும் கலந்த பன்மொழிப் படமா என்பதே இன்றுவரை வாதத்திற்குரியது. அவ்வாதத்தில் இரு தரப்பும் நாடுவது அக்கால நாளிதழ் விளம்பரங்களையும் மதிப்புரைகளையும்தான். படம் அழிந்தபின் காகிதமே சாட்சி. நாளை ஒருவன் ‘முதல் தமிழ் பேசும்படம்’ என்ற கொட்டை எழுத்துகளோடு ஒரு ‘காளிதாஸ்’ சுவரொட்டியை உருவாக்கி, அது நான்கு கைமாறி, ஒரு நூலின் அட்டையில் ஏறிவிட்டால் என்னாகும்? பொய்ச்சாட்சி சொன்ன மனிதனைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நூலேறிய பொய்ச்சாட்சியை வெளியேற்ற ஒரு தலைமுறை வேண்டும்.

இது வீண் அச்சம் அன்று. சுவரொட்டிகளுக்குப் பெருவிலை கிடைக்கும் அமெரிக்காவில் இது நடந்தது. அங்கே 1927-இல் வெளியான ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் பிரதி ஏதும் இன்று கிடைக்கவில்லை. அதன் சுவரொட்டி ஒன்று 2014-இல் 4,78,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய விலை உள்ள இடத்தில் போலியும் இருக்கும். யூனிவர்சல் நிறுவனத்தின் 1930களின் பேய்ப் படங்களுக்குரிய விளம்பரத் தாள்கள் போலியாக ஆக்கப்பட்டு, தேர்ந்த சேகரிப்பாளர்களிடமே விற்கப்பட்டது 2009-இல் வெளிப்பட்டது. பழகிய கண்களே ஏமாந்தன எனில், பழகாத நம் கண்கள் எம்மாத்திரம்?

‘இது பழையதாகத் தோன்றுகிறதா’ என்பதே புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. தவறான கேள்வி அது. பழுப்பு நிறம் ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும். ‘இத்தாள் தன்னைப் பற்றிக் கூறும் செய்தி தன் காலத்தோடு ஒத்துப்போகிறதா’ என்பதே கேட்க வேண்டியது. ஏட்டுச்சுவடியைக் கையிலெடுத்தால் இறுதி ஏட்டில் எழுதியவர் பெயரையும் எழுதி முடித்த நாளையும் தேடும் மரபினர் நாம். சுவரொட்டியில் அவ்விறுதி ஏடு கீழ்விளிம்பு. அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் அச்சுத்தாளில் குறிக்க வேண்டும் என்பது 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியாக இருந்தது. ஆதலால் பழைய சுவரொட்டிகள் பலவற்றில் அச்சகத்தின் பெயரும் சென்னை, சிவகாசி முதலிய ஊரின் பெயரும் பொடியெழுத்தில் இருக்கும். போலி செய்பவர் பெரும்பாலும் அவ்விளிம்பை வெட்டிவிடுவார், அல்லது அவ்வரி படிக்கவியலாமல் கலங்கிக் கிடக்கும். விளிம்பில்லாத சுவரொட்டியை முகப்பேடும் ஈற்றேடும் இழந்த சுவடியாகக் கருதுக.

அடுத்தது எழுத்து. 1978-க்கு முற்பட்டதாகக் கூறப்படும் வணிகச் சுவரொட்டியில் புதிய ‘லை’, ‘னை’ காணப்பட்டால் அது பிற்கால மறுவெளியீட்டுக்கு உரியதாகவோ போலியாகவோ இருக்க வேண்டும். பழைய ‘லை’ இருப்பதனால் மட்டும் அது அசலாகிவிடாது. தலைப்பெழுத்து வரைந்த ஓவியர்கள் ஆணைக்குப் பின்னரும் பழைய வடிவைக் கைவிடாதிருந்ததுண்டு. ஊர்ப்பெயரிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். நகரத்தின் ஆங்கிலப் பெயர் 1996-இல்தான் மாற்றப்பட்டது என்பதைக் கொண்டு, ‘சென்னை’ என்று அச்சிட்ட ஐம்பதுகளின் தாளைப் போலி என ஒருவர் தள்ளியதைக் கண்டோம். தமிழில் நாம் எப்போதும் சென்னை என்றே எழுதி வந்தோம் என்பதை அவர் மறந்தார். ஆங்கிலத்தில் புதிய பெயர் இருந்தால்தான் ஐயுற வேண்டும். தணிக்கைக் குறியையும் நோக்குக. ‘யு/ஏ’ என்னும் பிரிவு 1983-இல் வந்தது. எழுபதுகளின் படத்திற்கு அக்குறியோடு சுவரொட்டி கிடைத்தால் அது முதல் வெளியீட்டுக்கு உரியதன்று.

மறுவெளியீடு என்பதை இழிவாகச் சொல்லவில்லை. 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. அப்போதைய சுவரொட்டி 2012-இன் உண்மையான ஆவணம். அதை 1964-இன் தாளாக விற்றால் மட்டுமே பொய்.

மூன்றாவது அச்சுமுறை. இதற்குப் பத்து மடங்கு உருப்பெருக்கும் சிறு லென்சு போதும். கல்லச்சில் ஓவியர் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையால் வரைவார். நிறங்கள் மணல்போல ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காக அணிவகுத்துச் சிறு பூவடிவம் காட்டும். கணினி அச்சில் மைத்துளிகள் தூவியதுபோல் சிதறிக் கிடக்கும். பழைய ஆஃப்செட் தாளைப் படமெடுத்து மீண்டும் அச்சிட்டால், புள்ளியின்மேல் புள்ளி விழுந்து கலங்கும். எழுத்தின் ஓரம் கூர்மை இழக்கும். இறுதியாக விரலை நம்புக. மடிப்பும் கிழிசலும் கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாவிடில், அவை மடிப்பின் படம், மடிப்பு அன்று. நம் சுவரொட்டியின் நான்கு மடிப்புகளில் இரண்டு அத்தகையவை. கண்ணாடிக்குள் வைத்துவிட்டதால் விரல் படவே இல்லை. 1950-க்கு முற்பட்டதெனச் சொல்லும் தாளைப் புற ஊதா விளக்கில் காட்டிப் பார்ப்பதும் நன்று. தாளில் வெண்மையூட்டும் ஒளிர்பொருள் சேர்க்கும் வழக்கம் அதன்பின்னரே பரவியது. நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் வாங்காது திரும்புக.

இச்சோதனைகள் அனைத்தும் ஒரு தாளைப் போலியென்று காட்டக்கூடும். அசலென்று உறுதிசெய்ய இவற்றால் இயலாது. அதற்குத் தாள் வந்த வழி தெரிய வேண்டும்: எந்த அரங்கம், எந்த வீடு, யார் கை. விற்பவரே எழுதித் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’ அவ்வழியாகாது. திருடன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்று அது.

எனில் தொடங்குவது எங்கே? பெருநட்சத்திரங்களின் பெரும்படங்களில் தொடங்க வேண்டா. போலிகள் குவியும் இடம் அதுவே. ஒருவர் யாரும் விரும்பாததில் தொடங்கட்டும். தம் ஊர் அரங்கில் ஓடிய படங்கள், ஒரே ஓவியரின் ஆக்கங்கள், மொழிமாற்றுப் படங்கள் என ஒரு சிறு எல்லை வகுத்துக்கொள்ளட்டும். பாட்டுப் புத்தகங்கள் நல்ல பயிற்சிக் களம். அவற்றில் பெரும்பாலும் விலை அச்சிடப்பட்டிருக்கும். 1957 ஏப்ரல் வரை அணாக் கணக்கு. பின்னர் நயா பைசா. 1964 முதல் வெறும் பைசா. 1952-இன் பாட்டுப் புத்தகத்தில் ‘25 காசு’ என்றிருந்தால் அது தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வாங்கிய நாள், இடம், விலை, விற்றவர் சொன்ன கதை ஆகியவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுக. தாளைப் பசையிட்டு ஒட்டுவதும் நெகிழி உறையேற்றுவதும் இராமபாணப் பூச்சியினும் கொடிய அழிவு.

இவ்வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பிறர் கழித்த அச்சுத்தாள்களை நூல்களோடு ஒப்பச் சேர்த்தார். அவர் மறைவிற்குப்பின் அத்தொகுப்பே சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. 2016-இல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்த தகவல்கள் இன்றித் தமிழ்த் திரை வரலாறு எழுதுவோர் ஓரடியும் நகர இயலாது. இவர்கள் செய்ததைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி நம் நெஞ்சைச் சுடுகிறது. சுவரொட்டி நமக்கு மாடு தின்னும் தாளாகவே தோன்றியது. அசலை நாம் பாதுகாக்கவில்லை. அவ்வெற்றிடத்தில் போலி வந்து குடியேறியது. வணிகரை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்ப முடியாது.

ஆதலின் சேகரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மறு அச்சு’ என்ற சொற்களும் அச்சிட்ட ஆண்டும் விளிம்பில் இல்லாத நகலை, எத்துணை அழகாயினும், எத்துணை மலிவாயினும், வாங்க மறுத்துவிடுங்கள். வாங்குவோர் கேட்டால் விற்போர் அச்சிடுவர். இரு சொற்களுக்கு ஆகும் மைச்செலவு எவரையும் ஏழையாக்கிவிடாது.

மாணவி தம் ஆய்வேட்டின் அப்பகுதியை நீக்கித் திருத்தம் எழுதிக் கொடுத்தார். வழிகாட்டியின் பிழை என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம், தயங்கித்தான் சேர்த்தார். சுவரொட்டியைக் கிழித்தெறியுமாறு துறை நண்பர்கள் கூறினர். கிழிக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கீழ்விளிம்பில் அழியா மையால் ‘மறு அச்சு, ஆண்டு தெரியவில்லை’ என்று எழுதி, வகுப்பறைச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறோம். எழுத்துச் சீர்திருத்தப் பாடம் இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து வந்து, அம்மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இருக்கைக்குத் திரும்புகின்றனர்.