பார்த்ததற்கும் கூலி கொடுப்போம்

பிரவுசரில் படம் கெட்டால் உடனே கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். வீடியோ பச்சையாகத் தெரிகிறது, பக்கம் பாதி கருப்பாகிறது, எழுத்து நடுங்குகிறது என்றால் பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், போர்டு போயிருச்சு. புதுசு வாங்கிருங்க." இந்தப் பதிலைக் கேட்டவுடன் பணத்தை எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பொட்டிபுரம் பக்கம் சில வீடுகளில் அந்த வரிசை லேப்டாப் இன்னும் ஓடுகிறது. படித்த பிள்ளை வேலைக்குப் போய்விட்டது, லேப்டாப் அம்மா கைக்கு வந்துவிட்டது. அதே 2011 மார்ச்சில்தான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9, ஃபயர்பாக்ஸ் 4 இரண்டும் வெளிவந்தன. பக்கத்தை வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் பழக்கம் அவற்றோடுதான் பரவலானது. இதற்குப் பெயர் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏலக்காய் ஸ்டோரை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ப்ராசசர் ஒரு கணக்குப்பிள்ளை. கெட்டிக்காரர்தான், ஆனால் ஒற்றை ஆள். கிராஃபிக்ஸ் சிப் என்பது வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்கள். ஒரே மாதிரி வேலையை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதால் மூட்டை சீக்கிரம் முடிகிறது. நடுவில் நின்று "இதை இப்படிப் பிரிங்க" என்று சொல்கிற கங்காணிதான் டிரைவர் எனும் மென்பொருள். குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுகிறது. பழைய சிப்புக்கு டிரைவர் எழுதிய கம்பெனியோ அதைத் தொடுவதையே எப்போதோ நிறுத்திவிட்டது. கணக்குப்பிள்ளை புது பாஷை பேசுகிறார், கங்காணிக்கு அது விளங்கவில்லை. காய் கலந்துபோகிறது. இதற்காக பொறுக்குகிற பெண்களை வேலையை விட்டு அனுப்புவோமா?

எங்கள் தெரு அக்கா ஒருவர் கணவரை இழந்தவர். சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியைப் பார்ப்பது அந்த லேப்டாப்பில்தான். வீடியோ பச்சையாகிவிட்டது. கடையில் எட்டாயிரம் ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது இரண்டு மாத மருந்துச் செலவு. "தம்பி, போன்லயே பாத்துக்கிறேன். ஆனா அதுல புள்ள முகம் சின்னதா இருக்கு" என்றார். நான் முதலில் நோட்பேடைத் திறந்தேன், சரியாக இருந்தது. இன்னொரு பிரவுசரில் அதே வீடியோவை ஓட்டினேன், அதுவும் சரி. போர்டு போயிருந்தால் பழுது ஒரு பிரவுசரோடு நின்றிருக்காது.

செய்தது இவ்வளவுதான். குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சிஸ்டம். அங்கே 'யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவைலபிள்' என்ற சுவிட்சை அணைத்து, 'ரீலாஞ்ச்' அழுத்த வேண்டும். ஃபயர்பாக்ஸ் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் பெர்ஃபார்மன்ஸ். 'ரெகமண்டட்' என்ற டிக்கை எடுத்தால் கீழே ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் டிக் தெரியும், அதையும் எடுக்க வேண்டும். திரை முழுக்கக் கருத்து எதுவுமே தெரியாவிட்டால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபயர்பாக்ஸைத் திறக்கலாம். அப்போது வரும் பழுது பார்க்கும் நிலையில் ஆக்சிலரேஷன் தானாகவே அணைந்திருக்கும்.

இது நிரந்தர வைத்தியம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வேலையும் கணக்குப்பிள்ளை தலையில் விழுவதால் ஃபேன் இரையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், பெரிய வீடியோ திக்கும். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் புது டிரைவர் இருந்தால் போட்டுவிட்டு சுவிட்சைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் முறை. சுவிட்சை அணைத்தும் கோளாறு தொடர்ந்தால், அல்லது கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடனேயே கம்பெனி பெயர் வரும் இடத்திலேயே கோடு கோடாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே ஹார்டுவேர் பழுதாக இருக்கலாம். அப்போது கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம்.

கடைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு சுவிட்சை அணைத்துக் கொடுத்தால் "இதுக்கா காசு?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறோம். போர்டு மாற்றினால் பேரம் பேசியாவது கொடுக்கிறோம். சாமானுக்குத்தான் காசு, அறிவுக்கு இல்லை என்று நாம் பழக்கிவைத்தால் அவரும் சாமானைத்தானே விற்பார்? டாக்டர் ஊசி போடாமல் "ஒன்றுமில்லை, போங்க" என்றாலும் ஃபீஸ் கொடுக்கிறோம் அல்லவா? அதுபோல, பார்த்துச் சொன்னதற்கு இருநூறு ரூபாய் என்று கடையில் போர்டு எழுதி வைக்கட்டும். நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம். இருநூறு கொடுத்து எட்டாயிரம் மிச்சம் என்றால் யாருக்கு நஷ்டம்?

பிரவுசர் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சுவிட்சை நாலு அறை தாண்டி ஒளித்து வைக்காதீர்கள். 'படம் சரியாகத் தெரியவில்லையா? இதை அழுத்துங்கள்' என்று தமிழில் ஒரு வரி முன்னால் இருந்தால், எங்கள் அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம்.