பழுதுற்ற கமராவும் பறிக்கப்பட்ட உரிமையும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்வோர், அச்சமுதாயத்தின் கையில் எழுதுகோல் இருந்ததா என்று வினவுவர். கமரா இருந்ததா என்று வினவுவோர் மிகச் சிலரே. எழுத்துச் சான்றுக்கு அளிக்கப்படும் மதிப்பு படத்துக்கு அளிக்கப்படாமை இதற்கு ஒரு காரணம். கமரா வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சாதனம் என்ற எண்ணம் மற்றொரு காரணம். பழுதுற்ற சிறு டிஜிட்டல் கமரா ஒன்றை எடுத்துக்கொண்டு பதுளைக் கடைத்தெருவுக்கு வரும் தோட்டத்து இளைஞனிடம், "இதைத் திருத்திப் பயனில்லை, புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்" என்று கூசாது சொல்லவைப்பதும் இவ்வெண்ணமே. இவ்வாசகம் தொழில்நுட்பத் தீர்ப்புப் போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு பொருளாதாரத் தீர்ப்பாகும். அத்தீர்ப்பு யாருடைய நலனுக்காக வழங்கப்படுகின்றது, அதன் சுமை யார் தலையில் விழுகின்றது என்பன ஆராயப்படல் வேண்டும்.

படம் பிடித்தோரும் பிடிக்கப்பட்டோரும்

மலையக மக்கள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பிறரால் படம் பிடிக்கப்பட்டவர்கள்; தாமே படம் பிடித்தவர்கள் அல்லர். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தார். இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. இலங்கையில் அவர் படம் பிடித்த உழைப்பாளிகளுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. 1890இல் கொழும்பில் தோன்றிய பிளாட்டே நிறுவனம் போன்ற வணிக நிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்களை அஞ்சலட்டைகளில் அச்சிட்டு விற்றன. அதே 1890இல் தோமஸ் லிப்டன் ஊவாவுக்கு வந்து தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலை விளம்பரங்களில் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் என்ன, எந்த லயத்தைச் சேர்ந்தவள் என்று கேட்டவர் எவருமில்லை.

தமக்கென ஒரு படம் வேண்டுமாயின் தோட்டத்து மக்கள் பதுளை, பண்டாரவளை, பசறை ஆகிய நகரங்களின் ஸ்டூடியோக்களை நாட நேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் மகிழ்ச்சிக்காக அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியன அம்மக்களை அலுவலகப் படிக்கட்டுகளில் நிற்கவைத்தன. மனுவோடு இணைப்பதற்கும், கடவுச்சீட்டில் ஒட்டுவதற்கும், அடையாள அட்டைக்கும் எடுக்கப்பட்ட சிறு படமே பலருடைய வாழ்நாட் படமாயிற்று. அதிகாரத்தின் முன்னிலையில் விறைத்து நின்ற முகம் அது. பொங்கற் பானையின் முன் மலர்ந்த முகம் அன்று.

இந்நிலையை மாற்றியது சிறு டிஜிட்டல் கமராவே. 1975இல் அமெரிக்காவின் கொடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதற் கருவி ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் எடை கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 வினாடிகள் எடுத்தது. முப்பதாண்டுகளுக்குள் அக்கருவி சட்டைப்பைக்குள் அடங்கிற்று. மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்து திரும்பிய பெண்களின் பயணப் பெட்டிகளிலும், கொழும்புக் கடைகளில் வேலை செய்த இளைஞரின் பைகளிலும் அது லயத்துக்கு வந்து சேர்ந்தது. படச்சுருள் வாங்கும் செலவில்லை, கழுவும் செலவில்லை. காமன்கூத்தும் தீமிதிப்பும், மகளின் சடங்கும் பாட்டியின் இறுதி ஊர்வலமும், மழை ஒழுகும் கூரையும் வெடித்த சுவரும் உள்ளிருந்தோராலேயே பதிவு செய்யப்பட்டன. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் எழுத்தில் நிகழ்த்தியதை, பெயர் அறியப்படாத பலர் படத்தில் நிகழ்த்தத் தொடங்கினர் எனலாம்.

இப்பதிவின் பெறுமதியை உணர்வதற்கு மீரியபெத்தை ஒன்றே போதும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. அதன்பின் வந்து குவிந்த செய்தியாளரின் கமராக்கள் சேற்றைப் படம் பிடித்தன. சேற்றுக்கு முன்னிருந்த வாழ்வுக்குச் சான்று கூறவல்லவை, அவ்வூராரும் அவர்தம் உறவினரும் எடுத்துவைத்த படங்களேயாம். அத்தகைய படங்கள் எத்தனையோ இன்றும் பழுதுற்ற கமராக்களின் உள்ளே, பரண்களிலும் அலுமாரிகளிலும் உறங்குகின்றன. கருவியை வீசிவிடு என்போர் அதனுள் இருப்பதையும் சேர்த்தே வீசச் சொல்கின்றனர்.

"திருத்த இயலாது" என்னும் கூற்று

இச்சிறு கமராக்கள் பழுதுறுவதற்குரிய காரணங்கள் பெரிதும் சாமானியமானவை. முதலாவது, வில்லை வெளியே நீண்டு இடையில் நின்றுவிடுதல். மடிந்து விரியும் வில்லைக் குழலின் இடுக்கில் மணலோ தூசியோ புகுந்து பற்சில்லைத் தடுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சில வேளைகளில் மெல்லிய தூரிகையும் காற்றூதியுமே போதுமானவை. இரண்டாவது, கமரா அறவே இயங்காமை. பற்றரி தன் ஆயுளை முடித்திருக்கலாம்; தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கலாம். அதே வகையைச் சேர்ந்த வேறொரு பற்றரியை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதும், தொடுமுனையை உலர்ந்த துணியால் துடைப்பதும் செலவற்ற சோதனைகள். மூன்றாவது, வில்லையில் பூஞ்சணம் படிதல். ஹப்புத்தளையின் மூடுபனியும், காற்றோட்டமற்ற லயன் காம்பராவின் ஈரமும் இதனை வளர்க்கின்றன. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கமராவை வைத்திருப்பது மிகச் சிறந்த தடுப்பு.

எந்தப் பழுதாயினும் முதலிற் செய்ய வேண்டியது மெமரி கார்டை வெளியே எடுத்து, அதிலுள்ள படங்களை வேறிடத்திற் பிரதி செய்தலாகும். கமரா இறந்தாலும் கார்ட் பெரும்பாலும் இறப்பதில்லை. கருவியைத் திறக்க முயல்வோர் அஞ்சவேண்டிய ஒன்றும் உண்டு. பிளாஷ் விளக்குக்கான கொள்ளளவியில் ஏறத்தாழ 300 வோல்ற் வரை மின் தேங்கியிருக்கும். பற்றரியை அகற்றிய பின்னரும் அது தாக்கவல்லது. ஆகவே திருப்புளியை ஏந்துவது பழகிய கைக்கே உரியது. வானொலியும் கைத்தொலைபேசியும் திருத்தும் பழகிய கைகளுக்கு ஊவாவின் நகரங்களிற் பஞ்சமில்லை. பஞ்சம் உதிரிப்பாகத்துக்கும் கருவியின் அமைப்பை விளக்கும் கையேட்டுக்குமே. ஒரே வகையான இரு பழுதுக் கமராக்களைக் கொண்டு ஒன்றை உயிர்ப்பிக்கும் தந்திரம், இப்பஞ்சத்துக்கு எளியோர் கண்ட விடையாகும்.

பழுது யாவும் பாவிப்போரின் கவனக்குறைவால் விளைவதென்பதும் ஒரு கட்டுக்கதையே. 2005இல் கனன், நிக்கொன், பியூஜிபில்ம், சொனி முதலிய உற்பத்தியாளர்கள், தம் கமராக்கள் சிலவற்றில் இருந்த சொனித் தயாரிப்பான ஒளியுணரி பழுதுறக்கூடியதென்று பகிரங்கமாக ஏற்றுக்கொண்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க சூழலில் அவ்வுணரியின் உள் இணைப்புகள் கெட்டுப் படம் சிதைந்தது. உத்தரவாதக் காலம் கடந்திருப்பினும் இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவிப்புகள் வெளியாயின. வெப்பமும் ஈரமும் மிக்க நாடு எது? இலங்கை அன்றோ! அவ்வறிவிப்பு லுணுகலையிலோ மடுல்சீமையிலோ கமரா வைத்திருந்த ஒருவரின் காதுக்கு எட்ட வழி ஏதும் இருந்ததா? தயாரிப்பின் குறையைத் தன் கைக்குறையென்று எண்ணி, பழைய கமராவை எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் சேர்த்தவர் எத்தனை பேராயினும், அவர் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

யாருடைய கணக்கு?

"திருத்தும் செலவில் புதியதே வாங்கலாம்" என்பது வணிகர் வாய்ப்பாடு. இவ்வாய்ப்பாடு எவருடைய சட்டைப்பையை அளவுகோலாகக் கொண்டது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின்னரே 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மறுபுறம், 2022இல் சில வாரங்களுக்குள் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. நாட்சம்பளம் அரையடி நகர்வதற்குள் இறக்குமதிப் பொருளின் விலை மலையேறிவிட்டது. இந்நிலையில் புதியது வாங்கு என்பது அறிவுரையன்று, ஏளனம்.

நாட்டின் கணக்கும் வேறன்று. புதிய கமராவுக்குச் செலுத்தப்படும் பணத்தின் பெரும்பகுதி அந்நியச் செலாவணியாக வெளியேறுகின்றது. திருத்துவோனுக்குச் செலுத்தப்படும் கூலி பதுளையிலேயே சுழல்கின்றது. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்த ஒரு நாட்டில், திருத்துந் தொழில் தேசிய முக்கியத்துவமுடைய தொழிலாகக் கருதப்படாமை விந்தையே. உலகம் 2022இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவைக் குவித்தது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 23 பங்கும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். கைத்தொலைபேசியிலேயே கமரா வந்துவிட்டது; 2010இல் 12 கோடிக்கு மேலாக விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் 2023இல் 80 இலட்சத்தையும் எட்டவில்லை; செத்துக்கொண்டிருக்கும் சாதனத்துக்கு வாதாடுவது வீண் என்பர். இம்மறுப்பு ஆழ்ந்து நோக்குவார்க்கு நிலைக்காது. முதலாவதாக, பழைய கமராவில் அடைபட்டுள்ள படங்களுக்குக் கைத்தொலைபேசி மாற்றாகாது. இரண்டாவதாக, கைத்தொலைபேசியும் இதே விதிக்குட்பட்டதே. ஒட்டப்பட்ட மூடியும் கழற்றவியலாத பற்றரியும் கமராவிலும் கொடிய பூட்டுகளாம். மூன்றாவதாக, செல்வ நாடுகளின் இளைஞர் இன்று அதே பழைய சிறு கமராக்களைப் புதுமோகத்தோடு தேடி வாங்குகின்றனர். அங்கு அது அழகியல். இங்கு அது குப்பையா?

உரிமையும் கடமையும்

திருத்தும் உரிமை இன்று உலகெங்கும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு முனையாகிவிட்டது. 2012இல் நிக்கொன் நிறுவனம் அமெரிக்காவில் சுயாதீனத் திருத்துநர்க்கு உதிரிப்பாகம் விற்பதை நிறுத்தியது. பொருளை விற்றபின்னும் அதன்மீதான ஆட்சியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உற்பத்தியாளரின் மனப்பாங்கு இதில் வெள்ளிடைமலையாய்ப் புலனாகின்றது. இதற்கெதிராக எழுந்த இயக்கத்தின் பயனாக 2022இல் நியூயோர்க் மாநிலமும், 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கின. 2022 டிசெம்பரில் இந்திய அரசும் இதற்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. ஐரோப்பியச் சட்டத்தின் பட்டியலில் சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் உண்டு. கமரா இல்லை என்பதும் குறித்துக்கொள்ளத்தக்கது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், உற்பத்தியாளர்க்கும் வர்த்தகர்க்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்குகின்றது. இலத்திரனியற் பொருளை இறக்குமதி செய்வோர் குறித்த காலம்வரை உதிரிப்பாகத்தையும் திருத்தக் கையேட்டையும் நியாய விலையில் வழங்கவேண்டும். வெளிநாட்டில் அறிவிக்கப்படும் இலவசத் திருத்தங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கு அறிவிக்கவேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் மிகையானவை அல்ல. இவற்றை எழுப்ப வேண்டியோர் தொழிற்சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் மட்டுமல்லர், பல்கலைக்கழகங்களுமே.

மலையகத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் பெருகிவிட்டன. கருத்தரங்குகளிற் கண்ணீரும் பெருகுகின்றது. ஆனால் ஆய்வாளர் தோட்டத்துக்குத் தம் கமராவோடு சென்று, படம் பிடித்துத் திரும்புவதோடு பணி முடிந்ததென்று எண்ணுவாராயின், அவருக்கும் அஞ்சலட்டை வணிகருக்கும் வேறுபாடு யாது? தோட்டத்தார் தாமே எடுத்த படங்களைத் தேடிச் சென்று, பழுதுற்ற கருவிகளிலிருந்து மீட்டு, எடுத்தவர் பெயரையும் படத்திலிருப்போர் பெயரையும் எழுதிப் பேணுவதே இன்றைய அவசரப் பணி. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மாணவர் திருப்புளியோடும், கலை பயில்வோர் குறிப்பேட்டோடும் ஒரே மேசையில் அமர்வாராயின் அப்பணி கைகூடும். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவிற் பேணிவரும் நூலகம் திட்டம், குறைந்த பொருளாதாரத்திலும் இத்தகைய பணி இயலும் என்பதற்குக் கண்கூடான சான்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறையிலோ ஹாலி-எலயிலோ ஒரு வாசிகசாலை மண்டபம், ஒரு கணினி, இரண்டு திருத்துநர் – இவற்றுக்கு வெளிநாட்டு நிதியுதவி வேண்டியதில்லை.

கமராவைத் திருத்துவதால் தோட்டத்து வறுமை தீர்ந்துவிடாது, காணியுரிமை கிட்டிவிடாது. ஆனால் தன் முகத்தைத் தானே பதிவு செய்யவும், பதிந்ததைப் பாதுகாக்கவும், பழுதுற்ற கருவியைத் தன் ஊரிலேயே செப்பனிடவும் இயலாத மக்களின் வரலாற்றைப் பிறர் எழுதுவர். அதில் அவர்களுக்குப் பெயர் இராது. வீசிவிடு என்னும் வணிகர் வாக்கை ஏற்பதா, திருத்தித் தா என்று உரிமையோடு கேட்பதா என்பதை மலையகத்தின் இளந்தலைமுறை தீர்மானிக்கவேண்டும். ஈரமும் பூஞ்சணமும் அத்தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை.