கயிறு இல்லாமல் ஏறியவன்

கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் வரிசையில் கடைசிப் படமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’ 2012 ஜூலையில் வெளியானது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இரண்டாவது படத்தின் பக்கத்தில்கூட வைக்க முடியாது என்பது ஒரு கட்சி. இதைவிடப் பொருத்தமாக முடித்திருக்க முடியாது என்பது இன்னொரு கட்சி. மூன்று படங்களையும் அண்மையில் வரிசையாக மறுபடி பார்த்தேன். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்குத்தான். ஆனால் முதல் கட்சியின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ ஏற்றிவைத்த எதிர்பார்ப்பு அப்படி. அதன் வசூல் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் திரைக்கு வருமுன் அந்த ஆண்டு ஜனவரியில் 28 வயதில் இறந்துபோனார். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் மறு ஆண்டு அவருக்குக் கிடைத்தபோது, மேடையேறிப் பெற்றுக்கொண்டது அவருடைய குடும்பம். அந்த ஜோக்கரின் இடத்துக்கு வேறொரு நடிகரை நோலன் தேடவில்லை. அவன் எங்கே போனான் என்று மூன்றாம் படத்தில் யாரும் கேட்பதுகூட இல்லை. அவனுக்குப் பதில் வந்த பேன், முகத்தில் பாதியை முகமூடி மறைத்த முரட்டு உடம்புக்காரன். டாம் ஹார்டி கண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தை மிரட்டலாகச் செய்திருந்தார். ஆனாலும் ஜோக்கர் இல்லாத குறை பலருக்குத் தீரவில்லை.

என் குறை வேறு. பிளாக்கேட் சிறை வாசலில் நின்று பேன் ஓர் உரையை வாசிக்கிறான். முந்தைய படத்தில் இறந்த அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் மாவீரனாகச் சாகவில்லை, கொலைகாரனாகச் செத்தான் என்று கமிஷனர் கார்டன் எழுதிவைத்த உண்மை அது. எட்டு ஆண்டு அமைதியே ஒரு பொய்யின் மேல் நின்றது என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. சிறைக் கதவுகள் திறக்கின்றன. நகரம் இனி மக்களுடையது என்கிறான் பேன். அதன்பின் அந்த மக்கள் என்ன செய்தார்கள்? பொய்யை அறிந்த ஒரு தாய் கார்டனைப் பற்றி என்ன நினைத்தாள்? படம் காட்டவே இல்லை. பணக்காரர் வீடுகள் சூறையாடப்படுகின்றன, உறைந்த ஆற்றின் மேல் ஆட்களை நடக்கவிட்டுக் கொல்லும் போலி நீதிமன்றம் நடக்கிறது, அவ்வளவுதான். முந்தைய படத்தில் இரண்டு படகுகளில் நின்ற சாதாரண மனிதர்களும் கைதிகளும்தான் ஜோக்கரின் கணக்கைப் பொய்யாக்கினார்கள். அவர்களை நம்பிய நோலன், இங்கே ஒரு நகரத்து மக்களையே பின்னணியில் நிறுத்திவிட்டார். கிளைமாக்ஸில் தெருவில் இறங்கிப் போராடுவது போலீஸ் மட்டும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் இதற்கு இடமில்லாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் இதற்கு ஓட்டு? இந்தப் படம் முடித்துவைப்பது இரண்டாவது படத்தின் கதையை அல்ல. 2005இல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ தொடங்கிவைத்த கதையை.

அந்த முதல் படத்தின் தொடக்கத்தில் சிறுவன் புரூஸ் பாழுங்கிணற்றுக்குள் விழுகிறான். வௌவால்கள் கூட்டமாகப் பறந்துவந்து அவனை மூடுகின்றன. அப்பா கயிற்றில் இறங்கி வந்து மகனைத் தூக்கிக்கொண்டு போகிறார். பெற்றோர் கொலையுண்ட பின், வளர்ந்த புரூஸ் அதே வௌவால்களுக்கு நடுவே அசையாமல் நின்று பயத்தை வெல்கிறான். பயமில்லாதவன் ஆனதால்தான் அவன் பேட்மேன் ஆனான்.

மூன்றாம் படத்தில் பேன் அவனுடைய முதுகை முறிக்கிறான். அந்தச் சண்டையின்போது ஹான்ஸ் சிம்மரின் இசை ஒதுங்கிக்கொள்கிறது. தண்ணீர் கொட்டும் சத்தமும் அடி விழும் சத்தமும்தான் கேட்கின்றன. பிறகு அவன் கிடப்பது தரைக்கடியில் உள்ள ஒரு சிறை. உற்றுப் பார்த்தால் அது அந்தப் பழைய கிணறுதான், பல மடங்கு ஆழமாக. மேலே வானம் தெரிகிறது, ஏறலாம். இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிறான், விழுகிறான், கயிறு பிடித்துக்கொள்கிறது. மறுபடியும் அதேதான். பார்வையிழந்த முதிய கைதி ஒருவர் அவனுக்குக் காரணம் சொல்கிறார்: சாவதற்குப் பயமில்லாததுதான் உன் பலவீனம், கயிறு இல்லாமல் ஏறு. கயிற்றை விட்டுவிட்டு ஏறுகிறான். கடைசித் தாவலுக்கு நிற்கும்போது சுவர்ப் பொந்திலிருந்து வௌவால்கள் சிறகடித்துக் கிளம்புகின்றன. இந்த முறை தூக்கிச்செல்ல அப்பா இல்லை. அவன் தாவி மேலே வந்து நிற்கும் காட்சி எடுக்கப்பட்டது நம் ஜோத்பூரில். பின்னால் தெரிவது மெஹ்ரான்கர் கோட்டை.

முதல் படம் கற்றுக்கொடுத்த பாடத்தையே மூன்றாவது படம் திருப்பிப்போடுகிறது. பயத்தை ஒழித்தவன் மறுபடி பயப்படக் கற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உயிர்மேல் ஆசை உள்ளவனுக்குத்தான் சாவு பயம் வரும். படத்தின் தொடக்கத்தில் புரூஸ் கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறான். மறுபடி முகமூடி போடுவதும் பிழைத்துத் திரும்பும் எண்ணத்தில் அல்ல. இதைக் கண்டுகொண்டவர் ஆல்பிரட் ஒருவர்தான். உன் அப்பாவையும் அம்மாவையும் புதைத்தேன், உன்னையும் புதைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து வளர்த்த அந்த மனிதர் வீட்டைவிட்டுப் போகிறார். மைக்கேல் கெயின் குரல் உடைந்து பேசும் அந்தக் காட்சியில் குண்டு வெடிக்கவில்லை, வாகனம் பறக்கவில்லை. என் கணக்கில் மூன்று படங்களின் உச்சம் அதுதான்.

இதனால்தான் முடிவைப் பற்றிய சண்டையிலும் நான் நோலன் பக்கம். அணுகுண்டைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போன பேட்மேன் அங்கேயே செத்திருக்க வேண்டும், ஃபுளோரன்ஸ் நகரத்துக் காபிக் கடையில் உயிரோடு காட்டியது ஏமாற்று வேலை என்கிறார்கள். விமானத்தின் ஆட்டோபைலட் முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது என்ற ஒரே வரியில் அவனைப் பிழைக்க வைத்தது அவசரமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சாவது அவனுக்குத் தியாகமே அல்ல. அவன் எட்டு ஆண்டுகளாக அதற்குத்தான் காத்திருந்தான். பழியையும் பெயரையும் சொத்தையும் விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஒருவனாக இருந்து சாப்பிட்டு, தூங்கி, ஒருத்தியோடு வாழ்வதுதான் அவனுக்கு முடியாத காரியம். அதைச் செய்ய வைத்துவிட்டுப் படம் முடிகிறது.

சூப்பர் ஹீரோ படங்களில் சாவுக்கும் பஞ்சமில்லை, செத்தவர் திரும்பி வருவதற்கும் பஞ்சமில்லை. அடுத்த பாகத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் எந்த நாயகனுக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. நோலன் பேட்மேன் உடையைக் கழற்றி வைத்தார். குகைக்கு இன்னொரு இளைஞனை அனுப்பிவிட்டு, நான்காவது படம் எடுக்காமல் விலகினார். ‘தி டார்க் நைட்’டை மிஞ்சியதா என்று கேட்டால் இல்லை என்பேன். கடைசிப் படம் செய்ய வேண்டியதைச் செய்ததா என்று கேட்டால், ஆம் என்று தயங்காமல் சொல்வேன். முதல் படத்தில் அந்தச் சிறுவனுக்கு நேர்ந்ததற்கு ஒரு பதில் கடன்பட்டிருந்தார்கள். அதைக் கொடுத்துவிட்டார்கள்.