விடுமுறைக் கைவேலையும் பெற்றோர் கடமையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று பெற்றோர் பலர் கவலைப்படுகின்றனர். சிலர் கைத்தொலைபேசியைக் கொடுத்து ஒரு மூலையில் அமர்த்திவிடுகின்றனர். வேறு சிலர் டியூசன் வகுப்புக்கு அனுப்பி வைக்கின்றனர். பிள்ளைகளின் பத்து விரல்களுக்கும் வேலை கொடுக்கலாம் என்னும் எண்ணம் மிகச் சிலருக்கே தோன்றுகிறது.

"தேர்வுக்கு உதவாத வேலை எதற்கு?" என்று கேட்பாரும் உளர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் 1988 முதல் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போய்விட்டது, தேர்வைப் பற்றிய அச்சம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

கைவேலைக்குப் பெரும் செலவாகும் என்பதும் தவறான எண்ணம். ஜித்ராவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காலடியில் கிடப்பதே போதும். முற்றிய இரப்பர் இலைகளை ஒரு வாளி நீரில் சில வாரங்கள் ஊறப்போடுங்கள். வாளியை இறுக மூடி வையுங்கள். இல்லையேல் கைவேலைக்கு முன்னே ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும். இலையின் சதை அழுகிய பின் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால், நரம்புகள் மட்டும் வலை போல நிற்கும். அதனை நாளிதழின் நடுவே வைத்து உலர்த்திச் சாயம் தோய்த்தால் பூவாகக் கட்டலாம். தீபாவளி வாழ்த்து அட்டையில் ஒட்டலாம். நாற்றம் சற்றுக் கடுமையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூக்கைப் பிடிப்பவர்கள் பெரியவர்களே.

இரப்பர்க் கொட்டையில் துளையிட்டு ஈர்க்கைச் செருகினால் பம்பரம் ஆகும். துளையிடுவதைப் பெரியவர் செய்து கொடுக்கட்டும். பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டாதலால் சிறு குழந்தைகள் அதை வாயில் வைக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தென்னங்குருத்தோலையில் கிளி, ஊதல், காற்றாடி, தோரணம் எனப் பாட்டிமார் அறிந்தவை பல. நம் மலாய் அண்டைவீட்டார் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துபாட் கூடு பின்னுவதும் தென்னங்குருத்தோலையில்தான். அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால், நம் பிள்ளை பின்னக் கற்றுக்கொண்டு வரும். பாட்டிமாரிடம் உள்ள இவ்வித்தையை இன்று கேட்டுக்கொள்ளாவிட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால், நாம் சிறப்பாகச் சொல்ல வந்தது வேறு. கைவேலை செய்யும் வீடுகளிலும் பெரியவர்களின் கை அளவுக்கு மீறி நுழைந்துவிடுகிறது. பள்ளிப் போட்டிக்கு வரும் மாதிரி வீடுகளைப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையால் இத்தனை நேராக அட்டையை வெட்ட இயலுமா? தந்தையார் இரவெல்லாம் கண்விழித்துச் செய்ததைப் பிள்ளை காலையில் சுமந்து வருகிறது. கடையில் வாங்கும் கைவேலைப் பெட்டிகளோ இன்னும் மோசம். எல்லாம் வெட்டியே வருவதால் ஒட்டுவது மட்டுமே பிள்ளையின் வேலை. முப்பது பேர் செய்தால் முப்பதும் ஒரே அகல்விளக்கு.

கோலத்திலும் இதே கதைதான். மகள் இட்டது கோணலாகிவிட்டதென்று தாய் அழித்துவிட்டுத் தாமே போடுகிறார். விருந்தினர் வருவார்கள் என்பது காரணம். கோலம் சிறு விளையாட்டன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கணமாக ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். எத்தனை புள்ளி வைப்பது, கோடு எவ்விடத்தில் திரும்பி எவ்விடத்தில் வந்து சேரும் என்று ஒரு சிறுமி எண்ணிப் பார்க்கிறாள் அல்லவா? தாய் அழிக்கும்போது அவள் போட்ட அந்தக் கணக்கும் அழிந்துவிடுகிறது. கோணல் எங்கே நேர்ந்தது என்று அவளே கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

கைத்தொழிலை இழிவாக எண்ணும் மனப்பான்மையும் இதற்குக் காரணமோ என ஐயுறுகிறோம். "நாங்கள்தாம் கையால் உழைத்தோம், பிள்ளையாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும்" என்று தோட்டத்துப் பெற்றோர் சொல்வதன் வேதனையை நாம் அறிவோம். ஆயினும் பால்மரம் சீவுபவரின் உளியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையே சீவப்பட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் மரத்துக்கு மரம் அந்த அளவைத் தவறாமல் பிடிக்கும் கை சாதாரணக் கையா? அந்தக் கையை உடைய தாயோ தந்தையோ பிள்ளையின் அருகில் அமர்ந்து, தாம் ஓர் ஓலையைப் பின்னி, பிள்ளை தன் ஓலையைத் தானே பின்னுமாறு விட்டால், அதைவிடச் சிறந்த வகுப்பு வேறில்லை. களைத்து வருபவர்களிடம் நாள்தோறும் இதைக் கேட்பது நியாயமன்று. வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம் போதும்.

பள்ளிக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. விடுமுறை முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் கொண்டுவருவன அனைத்தையும் வகுப்புச் சுவரில் மாட்டுங்கள். முதற்பரிசு, இரண்டாம் பரிசு வேண்டா. பரிசு என்றதும் தந்தையார் மீண்டும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். செய்தவர் பெயரைச் செய்தவரே எழுதட்டும். ஒரு கண் இல்லாத ஓலைக்கிளியாயினும் அதற்கும் ஓர் ஆணி அடிக்கப்படட்டும்.