சாய்வின் பொருள்

நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கற்கும் மாணவருள் பலர், இரு புள்ளிகளைக் கொடுத்தால் சாய்வை விரைந்து கண்டுபிடித்துவிடுவர். ‘அச்சாய்வு எதனை உணர்த்துகின்றது?’ என்று வினவினாலோ வாளா இருப்பர். சூத்திரம் நெஞ்சில் பதிந்தது, பொருள் பதியவில்லை. இக்குறை மாணவருடையது அன்று. பொருளை முதலில் காட்டாது சூத்திரத்தை முதலில் புகட்டும் முறையினதே என்பது என் கருத்து.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே அமைந்தது விக்கிரவாண்டி. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூர் வழியே செல்கின்றது. பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் ஏறத்தாழ 165 கிலோமீட்டர் சாலையும் அங்கேதான் பிரிகின்றது. ‘விக்கிரவாண்டி வழியே செல்லும் சாலை’ என்று மட்டும் கூறினால் எச்சாலை என்பது விளங்காது. திசையையும் கூறினால் ஐயம் நீங்கும். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகளை வரையலாம். புள்ளியோடு சாய்வும் தெரிந்தால் கோடு ஒன்றே. (மெய்யான சாலைகள் வளைந்து செல்பவை, அவை பிரியும் திசையை மட்டுமே இங்குக் கருதுக.)

கிடையாக இவ்வளவு சென்றால் இவ்வளவு உயரும் என்னும் விகிதமே சாய்வு. வெறும் உயரம் சாய்வாகாது. நீலகிரி மலை இருப்புப்பாதை, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,870 மீட்டர் ஏறுகின்றது. சராசரியாக 25 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். ஆயினும் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே சிற்சில இடங்களில் 12 மீட்டருக்கே 1 மீட்டர் ஏறவேண்டியுள்ளது. ஆதலின் அங்கே பற்சக்கரத்தின் துணை வேண்டும். சராசரியை மட்டும் நம்பி எஞ்சினை அமைத்திருந்தால் வண்டி கல்லாற்றைக் கடந்து ஏறியிராது.

சாய்வு நிலத்திற்கு மட்டும் உரியதன்று. காலத்தோடு மாறும் எதற்கும் அது பொருந்தும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாயக் குறியைத் தாண்டவே, தொடர்வண்டிகள் நிறுத்தப்பெற்றன.

இத்தகைய பாலமொன்றில் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் காவலர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். (இனி வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை.) காலை 6 மணிக்கு நீர் 2 மீட்டர், 8 மணிக்கு 3 மீட்டர். இரண்டு மணி நேரத்தில் ஒரு மீட்டர் உயர்ந்தமையால், சாய்வு மணிக்கு அரை மீட்டர். 6 மணியிலிருந்து காலத்தைக் கணக்கிட்டால்,

நீர்மட்டம் = 2 + (½ × மணி)

என்பதே கோட்டின் சமன்பாடு. இதில் 2 என்பது தொடக்கம். ½ என்பது போக்கு. அபாயக் குறி 4 மீட்டர் எனின், வெள்ளம் அதனை 10 மணிக்குத் தொடும் என்று 8 மணிக்கே கூறிவிடலாம். பத்தரை மணிக்கு வரவேண்டிய வண்டியை முந்திய நிலையத்திலேயே நிறுத்தலாம்.

இங்கே ஒரு சொல். தேர்வில் மேலே இரண்டாம் புள்ளியிலிருந்து முதற்புள்ளியையும், கீழே முதற்புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளியையும் கழித்துவிடுவோர் பலர். அவ்வாறு செய்தால் ஏறும் வெள்ளம் இறங்கும் வெள்ளமாகிவிடும்! பொருளறிந்தவனுக்கு அக்குறையெண்ணைக் கண்டவுடனேயே பிழை புலப்படும்.

காவலர் 9 மணிக்கு மீண்டும் அளக்கின்றார். சமன்பாட்டின்படி 3.5 மீட்டர் இருத்தல் வேண்டும், இருப்பதோ 3.8 மீட்டர். மேற்புறத்தில் ஏரி உடைந்திருக்கலாம், மழை வலுத்திருக்கலாம். பழைய கோடு இனி உதவாது. கடைசி ஒரு மணி நேரத்தின் சாய்வு 0.8 மீட்டர், எஞ்சிய 0.2 மீட்டர் உயரக் கால் மணி நேரமே போதும். பத்து மணி என்று நம்பியிருந்தவருக்கு முக்கால் மணி நேரம் பறிபோயிற்று. இரு புள்ளிகள் கோட்டைத் தருகின்றன. அக்கோடு நம்பத்தக்கதா என்பதை மூன்றாம் புள்ளியே காட்டுகின்றது. அதனை அளக்கும் பழக்கத்தைக் கணக்கு வகுப்பில் ஏன் ஊட்டலாகாது?

வெள்ளம் வடியும்போது சாய்வு குறையெண்ணாகும். நீர் எப்பொழுது குறிக்குக் கீழே இறங்கும் என்பதையும் சமன்பாடு ஒருவாறு கூறும். பாலத்தூணின் அடியில் மண் அரிக்கப்பட்டுள்ளதா என்பதை அது கூறாது. பொறியாளர் நேரில் ஆராய்ந்த பின்னரே வண்டி செல்லுதல் வேண்டும்.