பின் டயர் அகலம் ஓகே... சேசிஸை ஏன் ப்ரோ வெட்டணும்?

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பக்கம் போயிருக்கீங்களா? பவானி அம்மன் கோயிலைச் சுற்றி வேன், ஷேர் ஆட்டோ, மினி லாரின்னு ரோடே அடைச்சுக் கிடக்கும். அந்தக் கூட்டத்துல, பின் டயர் மட்டும் பாடிக்கு வெளியே புடைச்சுக்கிட்டு ஒரு கார் நின்னா எல்லார் கண்ணும் அதுமேலதான். பார்க்க கெத்துதான், மறுக்கலை. ஆனா வீட்டு ஆளுங்க மொத்தமும் ஏறி, பொங்கல் பானையும் விறகும் டிக்கிக்குள்ள போனதும் வண்டி பின்பக்கம் இறங்கும். முதல் வேகத்தடையிலேயே டயர் உரசுற சத்தம் கேட்கும்.

இதுக்கு சிலர் கண்டுபிடிக்கிற தீர்வுதான் ஆபத்தானது. 'பின்னாடி கொஞ்சம் வெட்டி, உள்ளே தள்ளி வெல்டிங் அடிச்சுட்டா டயர் அழகா உட்காந்துடும்.' ரீல்ஸ்ல பார்த்த அமெரிக்க டிராக் ரேஸ் கார்கள்தான் இதுக்கு ரோல்மாடல்.

அங்கே இந்த வேலை பல வருஷமா நடக்குது, உண்மைதான். பின் சக்கரங்களுக்கு உள்பக்கம் ஓடும் சேசிஸ் சட்டங்களை வெட்டி நடுவை நோக்கி நகர்த்துவாங்க. ஸ்பிரிங்கையும் உள்ளே மாற்றி, ஆக்சிலைக் குறுக்கி, டயர் உட்காரும் குழியைப் பெருசாக்குவாங்க. வேகமான வண்டிகளில் உள்ளே இரும்புக் கூண்டும் இருக்கும். இவ்வளவும் எதுக்கு? 400 மீட்டர் நேர்கோட்டில், பின் சக்கரத்துக்குப் போகும் அசுர பவர் வழுக்காம தரையைப் பிடிக்கணும் என்பதற்காக.

இப்போ நம்ம ஊர் ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20-யை எடுத்துக்கோங்க. எல்லாமே முன் சக்கரம் இழுக்கும் வண்டிகள். பின்னாடி எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் பிக்கப் ஏறாது. பின்பக்கப் பிடிமானம் மட்டும் கூடினால், வளைவுகளில் வண்டி திரும்பாம நேரா வெளியே தள்ளப் பார்க்கும். மழையில் இன்னும் மோசம். டயர் அகலமாக ஆக, தேங்கின தண்ணிமேல மிதக்குற வாய்ப்பும் கூடுது. ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம ஹைவே எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பெரிய சிக்கல் வேற. இந்தக் கார்களுக்குத் தனி சேசிஸே கிடையாது. பாடியும் சேசிஸும் ஒண்ணாவே இருக்கும் மோனோகாக் அமைப்பு. டிக்கிக்குக் கீழே நீளமா ஓடும் சட்டங்கள், பின்னாடி இருந்து வண்டி மோதினா மடங்கி அந்த அடியை வாங்கிக்கும். அதை வெட்டினா கணக்கே மாறிடும். உறுதியான ஸ்டீலில் வெல்டிங் சூடு பட்ட இடம் பழைய பலத்தோட இருக்காது. பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியிலேயே இருக்கு என்பதையும் சேர்த்து யோசிங்க. பொலேரோ, தார் மாதிரி தனி சேசிஸ் வண்டிகளில் இதைச் செய்ய இன்ஜினீயரிங் வழி இருக்கு. ஆனா ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் லைன் எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை வெச்சிருக்கிற ஏரியாவில் நல்லா வெல்டிங் தெரிஞ்ச கைகளுக்குப் பஞ்சமில்லை. குறை கைத்திறமையில் இல்லை. வெட்டி ஒட்டின வண்டியை மோதிப் பார்த்துச் சோதிச்சது யாரு? ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையைத் தாண்டினா கொல்கத்தா ஹைவேயில் உங்க பின்னாடி வர்றது லோடு லாரி. அதுக்கும் பின்சீட்டில் இருக்கிற குழந்தைக்கும் நடுவுல இருக்கிறது அந்தச் சட்டங்கள்தான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரக்குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2021 ஆகஸ்ட்டில் கேரளாவின் 'ஈ புல் ஜெட்' யூடியூப் சகோதரர்களின் கேரவன் பறிமுதலாகி, கண்ணூர் ஆர்.டி.ஓ ஆபீஸ் தகராறில் அவங்க கைதானது ஞாபகம் இருக்கும். இன்ஷூரன்ஸும் கைவிடலாம். சொல்லாம மாற்றின வண்டிக்கு க்ளெய்ம் மறுக்க கம்பெனிக்கு நல்ல காரணம் கிடைச்சிடும்.

ஆனா ஒரு விஷயத்தில் பசங்க பக்கம் நியாயம் இருக்கு. சி.என்.ஜி கிட், பேட்டரி கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் இதுக்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கு. ஆர்வத்துல முறையா மாடிஃபை பண்ண நினைக்கிறவனுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. ஜெர்மனியில் மாற்றம் செஞ்ச வண்டியை அங்கீகாரம் பெற்ற நிபுணர் பரிசோதிச்சு, சரின்னா ஆவணத்திலேயே பதிவு பண்ணிக்கலாம். ஒரகடத்திலேயே பெரிய வாகனச் சோதனை மையத்தை வெச்சுக்கிட்டு, நாம 'கூடவே கூடாது'ன்னு மட்டும் சொல்றோம். அதனாலதான் இந்த வேலை எந்தப் பரிசோதனையும் இல்லாத பட்டறைக்குள்ள நடக்குது.

அந்தக் கதவு திறக்கிற வரைக்கும், டயர் மாற்றணும்னா உங்க கார் மாடலின் டாப் வேரியன்ட்டில் என்ன சைஸ் வருதுன்னு பாருங்க. 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16-க்கும் கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடோமீட்டர் குழம்பாது, உரசுறதுக்கும் பெருசா வாய்ப்பில்லை. அதுவே 225-க்குத் தாவினால், ரிம்மின் ஆஃப்செட் மாறாட்டியும் இரண்டு பக்கமும் தலா 20 மி.மீ கூடிடும். கத்திரி போடுற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்குறவங்களுக்கும் இதில் வேலை இருக்கு. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, டயர் குழியைச் சுற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பெனி வெல்டிங் பெரும்பாலும் ஒரே இடைவெளியில் வட்ட வட்டப் புள்ளிகளா இருக்கும். நீளமான தழும்பு மாதிரி ஒரு கோடு, அதுமேல கறுப்பு பெயின்ட் புதுசா பளபளன்னு இருந்தா, விலை பேசாம சாவியைத் திருப்பிக் கொடுத்துடுங்க.